ஒரு சாண் சுருள்கம்பி

சூடேறிய பிளக்கு மீன் செதிலைத் தீயில் வாட்டியதுபோல நாறும். அந்த நாற்றம் இன்றைக்கும் லேசாக வந்துவிட்டால், நான் பஸ்ஸில் இருந்தாலும் சர்ச்சில் முழங்காலில் இருந்தாலும், கண் முதலில் சுவரைத்தான் தேடும்.

ஆரணியில் எங்கள் வீடு நீளமான ஒரே அறை. முன்பாதியில் அப்பாவின் தறி, பின்பாதியில் அம்மாவின் சமையல். சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை அம்மாவுக்கு 'கரண்டு அடுப்பு'தான் கதி. மண் தட்டில் வட்டம் வட்டமாகப் பள்ளம், அதற்குள் படுத்துக் கிடக்கும் சுருள்கம்பி, அவ்வளவுதான் அந்த அடுப்பு. அதற்குக் கரண்டு கொண்டுபோகும் வயர், தறியில் நீளவாக்கில் இழை இழையாக ஏற்றியிருக்கும் பட்டுப் பாவுக்கு நேர்மேலே மரச்சட்டத்தை ஒட்டி ஓடும்.

சுருள் அடிக்கடி அறுந்துபோகும். அப்பாவின் கை நாளெல்லாம் அறுந்த இழைக்கு முடிபோடுகிற கை. கருகிய நுனிகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை இழுத்து முறுக்கிவிடுவார். "அறுந்தா முடி போடணும், அதுக்குன்னு பாவையே தூக்கிப் போடுவாங்களா?" என்பார். பட்டுக்கு அது சரி. சுருளுக்குச் சரிவராது என்று எங்கள் வீட்டில் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான்; அப்போது பத்தாவது படித்தேன்.

தறிக்கு ஊடுநூலைத் தாரில் சுற்றும் மிஷினின் மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியன், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் இடுக்கி மீட்டரைச் சும்மா விளையாட்டாக, எரிந்துகொண்டிருந்த அடுப்பின் வயர் ஒன்றிலும் மாட்டினார்.

"ஆறரை ஆம்பியர் இழுக்குதுங்க. இந்த பிளக்கு அஞ்சுதான் தாங்கும். மாத்திடுங்க."

"மாத்திக்கலாம்பா. பீஸே போவல, இன்னா பேஜாரு?" என்றார் அப்பா. பீஸ் எப்படிப் போகும்? பீஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை அவரேதான் சுற்றி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். அடுப்பின் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று இருந்தது. ஆயிரத்தை 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் நாலரைக்கும் கொஞ்சம் குறைவு; 230ஐ அதால் வகுத்தால் மின்தடை ஐம்பத்துமூன்று ஓம். புதிதில் அப்படி. இப்போதோ ஆறரை ஆம்பியர். 230ஐ ஆறரையால் வகுத்தேன், தடை முப்பத்தைந்து சொச்சமாக இறங்கியிருந்தது. பெருக்கினேன், திறன் ஆயிரத்து ஐந்நூறு வாட்டாக ஏறியிருந்தது. அப்பா ஒவ்வொரு முடி போடும்போதும் கம்பி குறைந்திருக்கிறது, தடை குறைந்திருக்கிறது, கரண்டு ஏறியிருக்கிறது. பிளக்கும் வயரும் மட்டும் அதே பழசு.

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். "ஏண்டி, நீ கணக்கு போட்டே ஊட்டக் கொளுத்திடுவ போலக்குது. கர்த்தர் பாத்துக்குவாரு, போய் வெங்காயம் உரி."

சனிக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுருளில் ஒரு சாண், அதாவது கால்வாசி, குறட்டால் அறுத்து வாசல் கால்வாயில் எறிந்தேன். இனி முடிபோட்டாலும் எட்டாது, புதுசுதான் வாங்கியாக வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா வந்து பார்த்தார். "எலி கம்பி கூடவா துன்னும்?" என்று சிரித்துக்கொண்டே மிச்சச் சுருளை நன்றாக இழுத்துவிட்டார். எட்டிவிட்டது.

"இன்னாங்க, பாலு ஜல்தியா பொங்குது! உங்க கைராசிதான்" என்றாள் அம்மா.

மறுபடி நோட்டை எடுத்தேன். முப்பத்தைந்து சொச்சத்தில் கால்வாசி போனால் இருபத்தாறரை ஓம். கிட்டத்தட்ட எட்டேமுக்கால் ஆம்பியர். இரண்டாயிரம் வாட். நான்தான் செய்தேன். சொன்னால் நம்ப மாட்டார்களோ என்று பயம். நம்பிவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும். என்னைத் தவிர அந்தப் பிளக்கைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அடுப்பு எரியும்போதெல்லாம் பக்கத்தில் குந்தி, பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "பசங்க பொம்ம வச்சிகினு குந்தும், இது பிளக்க வச்சிகினு குந்துது" என்றாள் அம்மா. இப்படியே வாரங்கள் போயின, அரைப்பரீட்சையும் போயிற்று.

ஒரு நாள் காலையில், அப்பா தறியில் இருக்க, உலை கொதித்துக்கொண்டிருந்தபோது அந்த மீன் நாற்றம் வந்தது. நிமிர்ந்தேன். சட்டத்து வயர் தளர்ந்து தொங்கி, கறுப்பாக ஒரு சொட்டு புகையோடு பாவின் மேல் விழுந்தது. ஸ்விட்சைத் தட்டினேன், உருகி ஒட்டியிருந்தது. ஓடிப்போய் மெயினை இழுத்தேன். அடுத்த சொட்டு விழுவதற்குள் அப்பா ஈரத் துண்டால் பாவை அமுக்கியிருந்தார்.

உள்ளங்கை அகலத்துக்கு இழை பொசுங்கியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடி போட்டார். வயர் மாறியது, பீஸ் மாறியது, அடுப்பு குப்பைக்குப் போனது. நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. வீட்டைவிட்டுப் போனால் ஏதாவது பற்றிக்கொள்ளும் என்றே இருந்தது. போ என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை.

இப்போது ஆரணி கடைகளில் அந்த அடுப்பைக் காணோம். அதிகமாக இழுத்தால் தானாக விழுந்துவிடும் ஸ்விட்ச் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்படியும் மிக்சியோ அயர்ன் பாக்ஸோ வாங்கினால், நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அடியிலிருக்கும் வாட்டைத்தான்.

வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இன்றும் சொல்வார்: "எம் பொண்ணு கணக்கு போட்டு ஊட்டக் காப்பாத்திச்சி." நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். வாசல் கால்வாயை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். அந்த ஒரு சாண் அதற்குக் கீழேதான் எங்கேயோ கிடக்கிறது.