சாமியார் இல்லாத கோயில்

உபதேசியாரின் குரல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சங்கரன்கோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கிப் பருத்திக்காட்டு வழியே நடக்கும்போதே, அவர் செபம் சொல்வது ஓட்டுக்கூரையைத் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் விட மனமில்லாதவர்போல இழுப்பார். எழுபதுகளின் கடைசியில் அந்த ஊருக்கு மாதா கோயில்தான் பள்ளிக்கூடமும். செபம் முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டு, எனக்காகக் கரும்பலகையைச் சுவரில் சாத்தி வைப்பார். நான் கோமதியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள். டீச்சராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே அந்தச் செபங்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

அங்கே தங்கியிருக்கும் சாமியார் கிடையாது; தினமும் செபம் நடத்துவது உபதேசியார்தான். தொலைவிலிருந்த பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மழை பெய்து கரிசல் இளகிவிட்டால் அதுவும் இல்லை. அப்படியொரு ஐப்பசி மழையில்தான் உபதேசியாரின் மனைவி இறந்துபோனார். உயிர் பிரியுமுன் சாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபிப்பார் என்று மூன்று நாள் வாசலையே பார்த்துக் கிடந்தாராம். "எத்தனையோ பேருக்கு நான் செபம் சொல்லி அனுப்பியிருக்கேன் டீச்சர். அவ மட்டும் சாமியார் வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே போயிட்டா" என்று ஒருநாள் சொன்னார்.

அதன்பிறகு அவர் ஓயவில்லை. ஊருக்கென்று ஒரு சாமியார் கேட்டு ஆயரிடம் பலமுறை நடந்தார். கோயிலைப் பெரிதாக்கி, சாமியாருக்கு ஒரு வீடும் கட்டினால் ஆள் தருவதாக ஆயர் சொன்னார். பருத்தி எடுத்துவிட்டு வந்த பெண்கள் பொழுது சாயும்வரை கல் சுமந்தார்கள். கட்டி முடிக்க ஆறு வருஷமானது.

புதிதாக வந்த இளம் சாமியார் நல்லவர். முதல் ஞாயிற்றுக்கிழமையே உபதேசியாரின் கையைப் பிடித்து, "இத்தனை வருஷம் உழைச்சிட்டீங்க. இனி ஓய்வா உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். உபதேசியார் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு கோயிலுக்குள் அவர் குரலை நான் கேட்கவில்லை.

"வருத்தமா இருக்கா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டது கெடச்சிருக்கு. அதுக்குப் போயி வருத்தப்படலாமா?" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறு வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சாமியாருக்குக் கடுமையான காய்ச்சல். சிலுவைப்பாதையை உபதேசியாரையே நடத்தச் சொல்லி அனுப்பினார். அவர் சுவரிலிருந்த பதினான்கு ஸ்தலப் படங்களில் முதலாவதன் முன் போய் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்த பருத்தி எடுக்கும் பெண் ஒருத்தி முதல் வரியைச் சொன்னாள், கடைசிச் சொல்லை அவரைப் போலவே இழுத்து. அடுத்த வரியைக் கோயில் முழுக்கச் சொன்னது. வாசலில் நின்ற நானும் சொன்னேன். பதினான்கு ஸ்தலத்திலும் அவர் கூட்டத்தின் பின்னாலேயே, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "எல்லாரும் என்னைய மாதிரியேல்லா இழுக்காவ! கவனிச்சியளா டீச்சர்?" என்று சிரித்தார்.

இரண்டு வருஷம் கழித்து உபதேசியார் சாகக் கிடந்தார். சாமியார் பக்கத்திலேயே இருந்து எண்ணெய் பூசினார். அன்றும் வெளியே மழைதான்.

போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் செபம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று நானும் வாய்க்குள் சொன்னேன். ஒரு வரியை நான் இழுத்து முடிப்பதற்குள் அவர்கள் இரண்டு வரி தாண்டிப் போயிருந்தார்கள்.