டுரியான் வாசம் என்றுதான் நினைத்தோம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு, ஈப்போவுக்கு வெளியே லகாட் போகும் வழியில் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வாடகைக்கு வந்து சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். என் கணவருக்குச் சிம்பாங் பூலாய் பக்கம் கல்மலையில் லாரி ஓட்டும் வேலை. மகள் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள்.

தோட்டத்தில் விறகு அடுப்பை ஊதி ஊதிக் கண்ணெரிந்த எனக்கு கேஸ் அடுப்பு வந்தது பெரிய சுகம். கேஸ் தோங்கின், அதாவது சிலிண்டரின், மேல் மாட்டும் ரெகுலேட்டரை மலாய்க்காரர்கள் 'கப்பாலா' என்பார்கள், அதாவது தலை. நாங்களும் தலை என்றே சொல்வோம். சமைத்து முடித்ததும் தலையை மூட வேண்டும் என்று தோங் கொண்டுவந்த சீனர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனார். அடுப்புக் குமிழை மூடினால் போதாதா, தினமும் குனிந்து தலையை வேறு மூட வேண்டுமா என்று எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

தலையிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு கிளிப் இருக்கும். அது துருப்பிடித்து உடைந்தது. தோட்டத்தில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு உலகத்தில் எது கழன்றாலும் மருந்து ஒன்றுதான்: மங்குக் கம்பி. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கைத் தாங்கிக்கொண்டிருக்குமே, அந்தக் கம்பி. நாங்கள் தோட்டத்தை விட்டு வரும்போது சட்டி பானையோடு ஒரு சுருள் கம்பியும் லாரியில் ஏறி வந்தது. வாளிப் பிடி, கோழிக்கூட்டுக் கதவு, சைக்கிள் மட்கார்டு எல்லாம் அதன் தயவில்தான் நின்றன. இவர் குழாயையும் அதே கம்பியால் சுற்றி, குறடு போட்டு முறுக்கினார்.

"இழுத்துப் பாரு. யானை வந்து இழுத்தாலும் கழலாதுலா" என்றார்.

இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அது டுரியான் காலம். பீடோரிலிருந்து இவருடைய அண்ணன் ஒரு சாக்கு நிறைய டுரியான் கொண்டுவந்து அடுப்படியில், தோங்குக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போனார். அதன் வாசம் வீட்டில் புகாத இடம் இல்லை. எங்களுக்கு அது சொர்க்கம். பக்கத்து வீட்டு டீச்சருக்கு நரகம்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பட்டணத்துப் பள்ளியில் ஆசிரியை, தனியாக இருந்தார். எங்கள் வீட்டு ரேடியோ சத்தம், நான் காயப்போடும் கருவாடு, குழந்தையின் துணி சொட்டுவது, எதற்கும் கேட்டில் வந்து நின்றுவிடுவார். போனால் போகிறது, அக்கம்பக்கம் ஆயிற்றே என்று நல்ல பழமாகப் பார்த்து ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கையாலேயே 'வேண்டாம், போ' என்றார். அவமானத்தில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தோட்டத்து ஆள்தானே என்ற இளக்காரம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டொரு நாளில் பழம் தீர்ந்தது. தோலையும் கொட்டையையும் காலையில் வந்த குப்பை லாரியில் போட்டு, அடுப்படியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியும் வாசம் போகவில்லை. டுரியான் லேசில் போகுமா என்று விட்டுவிட்டேன். மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும் நல்ல மழை. ஜன்னல் எல்லாம் சாத்தினேன். குழந்தையை முன் அறையில் துணித் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்தேன், நானும் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது தலை பாரமாக இருந்தது. மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரம். எங்கள் சாமி மேடை அடுப்படிக் கதவை ஒட்டி இருந்தது. எண்ணெய் ஊற்றி, திரியை இழுத்துவிட்டு, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தபோது யாரோ கேட்டைத் தடதடவென்று தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் டீச்சர். வந்தாச்சு, நிற்கட்டும், விளக்கை ஏற்றிவிட்டுப் போவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பூட்டைத் தூக்கி இரும்புக் கேட்டில் அடித்த அடியில் குழந்தை விழித்துவிடும் போலிருந்தது. பெட்டியும் கையுமாகவே கோபத்தோடு போனேன்.

"என்ன பிள்ளை, இந்தப் பழத்தை எப்பதான் திண்டு முடிப்பியள்? பின்பக்கம் நிக்கேலாமல் கிடக்கு" என்றார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நேத்தே முடிஞ்சிருச்சி டீச்சர். தோலக்கூட காலைலயே குப்பை லாரில போட்டாச்சி. இன்னிக்கு எங்க வீட்டுல டுரியானே இல்லலா!"

"அப்ப இது என்ன மணம்?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்வை மெதுவாக என் கைக்கு இறங்கியது.

"அந்தப் பெட்டியை வெளியிலை எறியும்! லைட்டைப் போடாதையும்! குழந்தை எங்கை?"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தொட்டிலிலிருந்து மகளை அள்ளிக்கொண்டு வந்து அவர் கையில் திணித்தேன். திரும்பி உள்ளே ஓடி அடுப்படியில் குனிந்தபோது, காலடியில் நாற்றம் மூச்சை அடைத்தது. டுரியான் வாசமே இல்லை அது. காதைக் கொடுத்தால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். தலையை மூடி, பின்கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு வெளியே வந்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேஸ் தரையோடு தவழ்ந்து, தண்ணீர் போகும் துவாரம் வழியாகப் பின்சாக்கடையில் இறங்கி டீச்சர் வீடு வரை போயிருக்கிறது. டீச்சர் என் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அப்போதும் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

வேலை முடிந்து வந்த கணவர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். முறுக்கிய கம்பி ரப்பருக்குள் இறங்கி, பால் வெட்டிய மரப்பட்டை போல ஒரு கோடு கிழித்திருந்தது. "யானை வரல, கேஸ்தான் வந்துச்சி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதுக் குழாயும் இரண்டு முனைக்கும் சரியான கிளிப்பும் வந்தன. தோங் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீர் பூசி, நுரை முட்டை விடுகிறதா என்று பார்க்கும் பழக்கமும் வந்தது. படுக்கப் போகும்போது இவர் "தலைய மூடியாச்சா?" என்று கத்துவதைக் கேட்டு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பயந்ததும் உண்டு.

டீச்சருக்குப் பால்கோவா செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே கருவாட்டு நாற்றம் என்று கேட்டில் வந்து நின்றார். கடைசி வரை நாங்கள் சிநேகிதிகளாக ஆகவில்லை.

அந்த மகளுக்கு இப்போது மகள் இருக்கிறாள். சிடுசிடுப்பான மனிதர்களைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு டீச்சர் ஞாபகம்தான் வரும். அவர் மட்டும் அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் வாங்க நினைத்து, இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று பொறுத்துப்போகிறவராக இருந்திருந்தால், அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வீட்டிலேயே இருந்திருப்பார். நானும் விளக்கை ஏற்றியிருப்பேன்.