அம்மாவைப் பார்க்க வந்த அன்ரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஐயாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆகவே, நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்த மறு வருடம் தம்பி பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் குடும்பத்தின் வாய் நான்தான். பத்து வயதில் கிடைத்த அந்தப் பதவியை மிகுந்த பெருமையோடு வகித்தேன்.

அம்மாவுக்கு வயிறு வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். தம்பிக்குச் செங்கமாரி வேறு; உடம்பெல்லாம் மஞ்சள். வீட்டுக்கு விடவில்லை. ஸ்காபரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய ஐயா, காலையில் என்னை அம்மாவின் கட்டிலடியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார். வேறு யாரும் எங்களைப் பார்க்க வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் அக்கா இருந்தார். இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண்; வடக்கேயிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவர். அவருடைய பெண்குழந்தைக்கும் செங்கமாரி. அம்மாவும் அவரும் பொதுவான ஒரு சொல்கூட இல்லாமலே சிநேகிதமாகிவிட்டார்கள்.

பிள்ளையின் தொப்புள்கொடி விழுந்தால் நாங்கள் எறிவதில்லை. உலர்த்தி, தாயத்தில் அடைத்து, பிள்ளையின் அரையில் கட்டுவோம். அதை எடுத்துத் தரும்படி தாதியிடம் சொன்னேன். எவ்வளவு அழகான வழக்கம் என்று அவர் என் கன்னத்தைத் தட்டி, மூடியுள்ள சின்னப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதைக் கண்ட அக்கா, தன் பையிலிருந்து மணிகள் கோத்த குட்டித் தோற்பை ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர்களும் கொடியை எறிவதில்லையாம்; அதில்தான் வைப்பார்களாம். தன் பிள்ளையினதையும் எடுத்துத் தரச் சொன்னார். அம்மா அந்த மணிகளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். தாதி சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்றார்.

தம்பியின் கொடி போத்தலில் பத்திரமாக வந்தது. அக்காவின் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தபோது கொடி இல்லை. குப்பையில் போட்டாயிற்று, அதிலென்ன என்றார் அதே தாதி. அக்கா குரலை உயர்த்தினார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் சமூக சேவையாளர் என்று ஒரு பெண்மணி அக்காவின் கட்டிலடியில் வந்து நின்றார். குடிப்பாயா? பிள்ளையின் தகப்பன் எங்கே? வீட்டில் எத்தனை பேர்?

எங்கள் நிலவறை வீட்டில் ஐயாவின் சிநேகிதர் மூவரும் படுத்தார்கள். பிள்ளையின் தகப்பனைத் தாதிகள் பகலில் கண்டதேயில்லை. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தாதியைக் கையால் காட்டினார்.

"பிள்ளை, உவவைக் கேள். எங்கட கொடியைப் பத்திரமா எடுத்துத் தந்தவ, அந்தப் பிள்ளையின்ரையை ஏன் எறிஞ்சவ?"

பிசகாமல் கேட்டேன். அது வேறு விஷயம் என்றார் தாதி.

"என்ன வேறை எண்டு கேள்."

கேட்டேன். அம்மாவுக்கு மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை இன்னும் எங்கும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அக்காவைப் பார்க்க மூன்று பெண்கள் வந்தார்கள். நகரத்தில் ஒரு பழைய வீட்டில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்திய மருத்துவ நிலையத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் தாதி. மூத்தவருக்கு நரைத்த நீளப் பின்னல். குழந்தையைத் தொடுமுன், தொடலாமா என்று அந்தத் தாதி அக்காவிடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒருவரும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

ஒரு நோயாளியிடம் இரண்டு பேர்தான் இருக்கலாம், ஒருவர் வெளியே போகவேண்டும் என்று எங்கள் தாதி இரண்டு விரலைக் காட்டினார். விரல் அம்மாவுக்கு விளங்கியது.

"அந்தப் பின்னல்காரி என்னைப் பாக்க வந்தவ எண்டு சொல்லு."

"ஆரம்மா அவ?"

"அன்ரி எண்டு சொல்லன். எனக்கும் ரெண்டு பேர் வரலாம்தானே? ஒருத்தரையும் காணேல்லை!"

அவர் அம்மாவின் மாமி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தாதி அம்மாவைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார். பின்னல்காரியோ கண்ணிமைக்காமல் கதிரையை அம்மாவின் கட்டிலோடு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் அன்ரிதான். இவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், சரியான பிடிவாதக்காரி," என்றார் ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னதும் அம்மா, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். தாதி திரும்பிப் போனார்.

அதன்பின் அவர்கள் முறைபோட்டு வந்தார்கள். மீன் சூப்பில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. ஒருவர் எப்போதும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அக்கா கழிப்பறைக்குப் போனால் குழந்தை அவர்களில் ஒருவரின் கைக்குப் போகும். ஒருமுறை அம்மாவின் கைக்கு வந்தது.

அக்கா வீட்டுக்குப் போகும் நாளில், வெளிவாசல் வரை குழந்தையைத் தான் தூக்கி வருவதாகத் தாதி இரண்டு கைகளையும் நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் அவரைச் சூழ்ந்து நடந்தார்கள். தாதியின் கைகள் நீட்டியபடியே நின்றன.

உதவிக்கு வந்தவரை இப்படி அவமதிக்கலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் இந்த நாட்டின் தேசிய கீதத்தைப் பிழையில்லாமல் பாடுகிற பிள்ளை நான். ஆஸ்பத்திரி என்றும் அரசாங்கம் என்றும் அப்படி நீண்ட கைகளில் கொடுத்த பிள்ளைகளை அந்தப் பெண்களின் குடும்பங்கள் திரும்பக் கண்டதில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.