ஹைரம் துரைக்குக் கண் திறந்த நாள்

இது நடந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். மயிலாடிக்குப் போய்ச் சிற்பி தாணுமாலயனின் வலது உள்ளங்கையைப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

போன சித்திரையில் அவனுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. ஹைரம் துரை என்று ஒருவர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சிற்றூரில் வங்கி நடத்திவிட்டு, பிறகு சட்டசபைக்குப் போனவர். ஊர்ச் சங்கத்தார் பழைய போட்டோ ஒன்றை அனுப்பி மார்பளவுச் சிலை கேட்டார்கள். போட்டோவில் இருந்த ஆள் ஒல்லி. காலர் கிழிந்திருந்தது.

"பேங்கு வச்சிருந்தவருக்கு ஒரு நல்ல சட்ட கெடயாதாக்கும்?" என்று சிரித்தாள் அவன் மனைவி ராஜி.

கடைசி வேலை கண். சாமிச் சிலைக்குக் கண் திறக்கும்போது சிற்பி பட்டறைக்குள் தனியாகக் கதவடைத்துக்கொள்வான். சிலையின் முதல் பார்வை ஆள்மேல் விழக் கூடாது என்று எதிரே கண்ணாடி வைப்பான். தாணுமாலயன் பழக்கதோஷத்தில் கதவுக்குக் கொண்டி போட்டான். கண்ணாடியை விட்டுவிட்டான். சாமியா என்ன, வங்கிக்காரர்தானே!

பகல் 2.10. நாலு மணிக்கு லாரி வந்துவிடும்.

இடது கண். வலது கண். உளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். துரை அவனையே பார்த்தார்.

கொண்டியை எடுத்தான். கதவு அசையவில்லை. உதைத்தான். பலகைக் கதவுதான்... ஆனால் இரும்புச் சத்தம். டங்... டங்...

2.17. ஜன்னல் இருந்த இடத்தில் சுவர்.

"ஏட்டி ராஜி! கதவத் தள்ளுட்டி!"

அவள் குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "என்னங்க... எங்க போனிய?"

"உள்ளதாம்ட்டி இருக்கேன்!"

"கதவு தொறந்துல்லா கெடக்கு! உள்ள செல மட்டுந்தான நிக்கி... வெளையாடாதிய."

2.24. கதவில் வலது கையை வைத்தான். தோல் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு சூடு. மூச்சு பாதிதான் உள்ளே போனது.

பின்னால் யாரோ சுரண்டினார்கள்... நகத்தால்.

கல்லுக்கு உள்ளேயிருந்து.

2.31.

கண்ணாடி... கண்ணாடி வேண்டும்...

போனை அணைத்தான். கறுத்த திரையைச் சிலையின் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

சுரண்டல் நின்றது.

காற்று வந்தது.

திரும்பினால் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் ராஜி. "அஞ்சாறு மட்டம் உள்ள வந்து பாத்தாச்சு. இந்த வயசுல ஒளிச்சு வெளையாட்டு கேக்குதாக்கும்!" என்றாள்.

நாலு மணிக்குச் சிலையைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அமெரிக்காவிலிருந்து மெயில். மகள் ரேஷ்மி வாசித்துச் சொன்னாள். ஊர் தீப்பிடித்த நாளில் ஹைரம் துரை வங்கியின் இரும்பு அறையைப் பூட்டி, ஊராரின் பத்திரங்களைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் புகழில் மூன்று முறை சட்டசபைக்கு ஜெயித்திருக்கிறார். பூட்டியபோது குமாஸ்தா ஒருவன் உள்ளே இருந்தானாம். வெகுநேரம் தட்டினானாம். துரை திறக்கவில்லை.

கடைசியில் ஒரு வரி மன்னிப்பு: படம் மாறிவிட்டது. நாங்கள் அனுப்பியது துரையின் படம் அல்ல, அந்தக் குமாஸ்தாவுடையது.

தாணுமாலயன் துறைமுகத்துக்குப் போன் போட்டான். பெட்டியை ஆணியடித்து, இரும்புக் கன்டெய்னருக்குள் வைத்துப் பூட்டி, கப்பல் கிளம்பி இரண்டு நாளாகிவிட்டதாம்.

இனி அமெரிக்காவில்தான் திறப்பார்களாம். முப்பத்தைந்து நாள்.