சீன முகம் இல்லாத சீன ரீச்சர்

புஷ்பவல்லி மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். அப்பா ஒரு சீனரின் டயர்க் கடையில் வேலை பார்த்ததால், கடைக்குப் பக்கத்திலிருந்த சீனப் பள்ளியிலேயே ஆறு வருடம் படித்தார். அங்கே பாடமெல்லாம் மாண்டரின் சீனத்தில்தான். 1986இல் சிட்னிக்கு வந்து, பரமட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடம் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டார்.

நாங்கள் குடியிருந்த டூங்கபியில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் அவரை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அவர் பேசுவது தோட்டத் தொழிலாளர் பேசும் “தோட்டக்காட்டுத் தமிழ்” என்று விமலாதேவி அவர் காதுபடவே சொன்னதுண்டு. விமலாதேவி கணக்காளர், புருஷன் டொக்டர். சொந்தப் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுக்க இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

2006இல் பக்கத்தில் ஒரு மாண்டரின் பள்ளி திறந்தார்கள். காலை முழுவதும் சீன மொழியில் பாடம். அவ்வளவுதான், எங்கள் சனத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இனி உலகம் சீனாவின் கையில் என்று கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று பேசினார்கள். வீட்டில் சீனம் பேசாத பிள்ளைகளுக்குப் பத்து இடம்தான். பிள்ளையை நேரில் அழைத்து, ரீச்சர் சொல்வதைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். அப்போதுதான் விமலாதேவிக்குப் புஷ்பவல்லியின் வீட்டு வழி தெரிந்தது. பலகாரத் தட்டோடு போய் “புஷ்பா அக்கா” என்றார். என் மகளைக் கூட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. விமலாதேவியின் மகன் சிறிக்கும் என் மகளுக்கும் இடம் கிடைத்தது.

அந்த வருடமே பள்ளி ஓர் உதவி ரீச்சரைத் தேடியது. இன்னும் ஆட்களைத் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகும் என்று புஷ்பவல்லியின் முதுகைப் பார்த்த டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்த நேரம். அந்த வேலைக்கு அவர் விண்ணப்பம் போட்டார். ஒரு வாரம் வகுப்பில் விட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொண்டன, அதிபருக்கும் பிடித்துப்போனது.

பெற்றோர் கூட்டத்தில் விமலாதேவி எழும்பி, பிள்ளைகளின் உச்சரிப்புக்கு அசல் சீனர்தான் வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கமே செய்தார். உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்தார்.

“இவ எங்கட ஆள்தானே. இவவிட்டப் படிக்கவோ இவ்வளவு பாடுபட்டனாங்கள்?”

பிறகு அதையே கேட்டுப் பள்ளிக்கு எழுதிய கடிதம் ஒன்று பெற்றோரிடம் சுற்றி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளி ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு பெண்ணை எடுத்தது. நல்ல பிள்ளை. அவளுடைய மொழி கன்டனீஸ் என்ற வேறொரு சீனம், மாண்டரின் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்று அவளே சொன்னாள். எங்களுக்கு அதெல்லாம் எங்கே விளங்கியது? முகத்தைப் பார்த்தோம், திருப்தியாக வீட்டுக்குப் போனோம். புஷ்பவல்லி இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பவும் கிழவர்களைத் தூக்கப் போனார்.

அடுத்த வருடம் விமலாதேவியின் மகளுக்கு நேர்முகம், என் சின்னவனுக்கும்தான். இரண்டு பேரும் மறுபடி பலகாரத் தட்டோடு போய் நின்றோம். புஷ்பவல்லி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் தந்தார். நாங்கள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு லீவு சனிக்கிழமை மட்டும்தாங்க. அன்னைக்கு உங்க புது டீச்சர் எங்கிட்ட மாண்டரின் படிக்க வர்றாங்க.”