நான் சொன்ன தப்பு அர்த்தம்

என் கணவர் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டும் வேலைக்கு அவர் பெயரை எழுதிக்கொண்டு, முதலில் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் கொடுத்த காகிதத்தை நேரே என்னிடம் கொண்டுவந்தார். நான் ஆறாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவள். சிராங்கூன் சாலையில் நாங்கள் குடியிருந்த மாடியில் அதுவே பெரிய படிப்பு.

'ஹார்ட்' என்பதற்கு எதிரே 'சவுண்ட்' என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த சவுண்ட் ஒன்றுதான்.

"நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதாம்" என்றேன்.

அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "டாக்டர் சிரிச்சுக்கிட்டேதானே அனுப்பினாரு?"

"உங்ககிட்ட நேரா எப்படிச் சொல்வாரு?"

மறுநாள் அவரே போய், கிரேன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும் என்ற பயம். என்னிடம் மட்டும், "மேல உக்காந்திருக்கும்போது எனக்கு ஏதாச்சும் ஆனா, கீழ நிக்கிறவன் தலையிலதான் சரக்கு விழும்" என்றார்.

மூட்டை தூக்குவதை மட்டும் விடவில்லை. அவர் படியேறி வரும்போதெல்லாம் மூச்சுச் சத்தத்தைக் கவனித்தபடி நிற்பேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிழைக்க வேண்டுமே என்று, பக்கத்துத் தெருவில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு தடித்த அகராதி இருந்தது. ஒரு மத்தியானம் புரட்டினேன். சவுண்ட் நான்கு முறை வந்தது, தனித்தனி எண்களோடு. சத்தம் என்ற சவுண்ட் லத்தீனிலிருந்து வந்ததாம். ஆழம் பார்ப்பது என்ற சவுண்ட் பிரெஞ்சிலிருந்து. இரண்டு கரைகளுக்கு நடுவிலுள்ள கடலுக்கும் அதே பெயர். அது வடக்கே கப்பலோட்டிகள் பேசிய பழைய மொழியிலிருந்து வந்ததாம். இன்னொன்று பழைய இங்கிலீஷ்: பழுதில்லாதது, ஆரோக்கியமானது. உறவே இல்லாத நான்கு சொற்கள், எழுத்தில் மட்டும் ஒன்றாகிப்போயிருந்தன.

அன்று டைப் அடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "உங்க நெஞ்சு நல்லாருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

மறுநாள் போய்க் கேட்டார். கிரேனில் வேறொருவர் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபடி அவர் பெயர் வர நான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது; டாக்டர் இந்த முறை அவரை ஏற்கவில்லை.

அவர் என்னை ஒருநாளும் திட்டவில்லை. திட்டினால் அழலாம் என்று பல நாள் காத்திருந்தேன்.