கலியாண லென்ஸும் கராத்தே உதையும்

கலியாணப் படம் எடுப்பவனுக்கு வாய் நீளம் என்பார்கள். எனக்கு லென்ஸும் நீளம். அந்த ஜூம் லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நுழைந்தால்தான் ஆரையம்பதியில் மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் மதிப்பார்கள். அந்த மிதப்பில் தங்கச்சி மகளின் கராத்தே போட்டிக்கும் அதையே கொண்டுபோனேன்.

அவளுடைய தகப்பன், என் மச்சான், கட்டாரில் வேலை. "ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிஞ்சாப்பிறகுதான் கேள்விப்படுறன். அவள் உதைக்கிற நேரத்தில ஒரு நல்ல படம் எடுத்துத் தாங்க மச்சான்" என்று கேட்டிருந்தார். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று நானும் பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

மட்டக்களப்பில் போட்டி நடந்த மண்டபத்தில் பாதி லைட் எரியவில்லை. ப்ளாஷ் அடிக்கக் கூடாது என்று நடுவர் முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் சுற்றில் மருமகள் வென்றாள், நான் தோற்றேன். ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் வாய் ஒடுங்கி வெளிச்சம் குறைந்தது, ஷட்டரும் மெதுவானது. படத்தில் கால் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகை. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

பைக்குள் இன்னொன்று கிடந்தது. கலியாணப் பொம்பிளையின் முகத்துக்கென்று வைத்திருக்கும் குட்டையான எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆனால் ஒன்று தசம் எட்டு வரை திறக்கும். இந்தக் கணக்கில் எண் சிறுத்தால் வாய் பெருக்கும். கிட்டப் போக எனக்குக் கால் இருக்கிறதே என்று போட்டி விரிப்பின் மூலையில் போய்க் குந்தினேன். வெளிச்சம் போதாமல் படத்தில் மணல் தூவியதுபோல் வந்தாலும் வரட்டும் என்று ஷட்டரைச் செக்கனில் ஆயிரத்தில் ஒன்றுக்கு ஏற்றினேன்.

இறுதிப் போட்டியில் அவள் எனக்கு முதுகைக் காட்டியே நின்றாள். பொறுமை போய்விட்டது. கலியாண வீட்டுப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது: "இஞ்சால கிறுகு புள்ள!"

திரும்பச் சொன்னால் திரும்பிவிடும் பிள்ளை அவள். திரும்பினாள். எதிரே நின்றவள் குத்தினாள். ஒரு புள்ளி போனது. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் முகத்தைக் கெமராவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். என் வாயால் இவள் தோற்றால் கட்டாருக்கு என்ன சொல்வேன்?

கடைசிச் செக்கன்களில் அவள் கால் எதிராளியின் தலைப்பக்கம் எழும்பியது. அழுத்தினேன். நடுவரின் கை அவள் பக்கம் உயர்ந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா!

வெளியே வந்தவள், "மாமா, இது கலியாண வீடில்ல" என்றாள். பிறகு சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். முகம் பளிச்சென்று இருந்தது, கால் மங்கல். லென்ஸின் வாயை அவ்வளவு அகலத் திறந்தால் கிட்ட இருப்பது, எட்ட இருப்பது இரண்டில் ஒன்றுதான் தெளியும் என்பதைப் பதற்றத்தில் மறந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு மச்சானுக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது.

"கால விடுங்க மச்சான். போன்ல என்னோட கதைக்கக்குள்ள அவள் எப்பவும் சிரிச்ச முகம்தான். என்ட மகள்ட கோபத்த இண்டைக்குத்தான் கண்டன்."